கடைசி மரியாதை யாருக்கு?

(ஜனவரி 26 அன்று கொடியேற்றம் முடிந்த பிறகு நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பேசிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.)



மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் கீழே சைக்கிள் ஓட்டப் போய்விட்டார்கள். நல்லதுதான். நான் பேசப்போவது பெரியவர்களுக்கான விஷயம், சாவைப் பற்றியது. நல்ல நாளில் இதை ஏன் எடுக்கிறார் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம் குடியிருப்பில் ராணுவத்திலோ காவல்துறையிலோ பணியாற்றியவர் காலமானால், கொடிக்கம்பத்தடியில் உடலைச் சற்று நேரம் வைத்து, தேசியக் கொடி போர்த்தி, அசோசியேஷன் சார்பில் மலர்வளையம் வைக்க வேண்டும் என்பது அந்த யோசனை. எல்லோரும் கை தூக்கினீர்கள். நான் மட்டும் தூக்கவில்லை. "பேங்க்காரர் எதுக்கெடுத்தாலும் வவுச்சர் கேப்பார்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அன்று காரணம் சொல்ல நேரமில்லை, இன்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து ஐந்து முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் மனதில் வைத்து நான் பேசவில்லை. ஐவரும் நான் மதிக்கிறவர்கள். அவர்கள் நூறு வயது இருக்கட்டும்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காக இருந்தபோது அங்கே ஆயுதக் காவலராக ஒருவர் இருந்தார். 1971 போரில் இருந்தவர். பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கிக்கு வந்தவர். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலில் நிற்பார். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வந்தால் கொடி வேலை முழுக்க அவருடையது. கொடியை எப்படி மடிப்பது, உள்ளே பூவிதழை எப்படி வைப்பது, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் பூ கொட்டும்படி எப்படி முடிச்சுப் போடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இன்று காலையில் நம் கொடியில் நான் போட்ட முடிச்சும் அவர் முடிச்சுதான்.

அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. குச்சிக்கிழங்கு போடுவார். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு. நம் பக்கத்தில் இது புதிதல்ல, அரை அடி மண்ணுக்கு மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் பேச்சு முற்றி, இவர் கடப்பாரையால் அடித்துவிட்டார். அந்த மனிதர் அங்கேயே போய்விட்டார். வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. வங்கி வேலை போயிற்று. பல வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

2014ல் அவர் இறந்தார். மகன் எனக்குப் போன் செய்தார். "சார், அப்பா போயிட்டாருங்க. மிலிட்டரிக்காரரு, கொடி போத்தித்தான் எடுக்கோணும்னு ஊர்ல சொல்றாங்க. உங்களுக்குத்தானுங்க அதெல்லாம் தெரியும்." நான் யோசிக்கவே இல்லை. சேலத்தில் கதர்க் கடையில் ஒரு கொடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நானே போர்த்தினேன். காவி நிறம் தலைமாட்டில் வரவேண்டும் என்பதைக்கூட நினைவாகப் பார்த்துக்கொண்டேன். யாரோ கோஷம் போட்டார்கள். குழிக்குள் இறக்கும்போது கொடியோடு இறக்கப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருந்த வயதான பட்டாளத்துக்காரர் ஒருவர் ஓடிவந்து எடுத்து மடித்தார்.

திரும்பி பஸ்ஸுக்கு நடந்தபோது, தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். வழக்கு நடந்த காலத்தில் நாமக்கல்லுக்கும் ஊருக்கும் அலைந்த செலவுக்காக எங்கள் கிளையில் கம்மலை வைத்து நகைக்கடன் வாங்கினார். அந்தச் சீட்டை எழுதியவன் நான். கடப்பாரை அடியில் செத்தவரின் மனைவி. என்னைப் பார்த்து எழுந்து நின்றார். மரியாதை தெரிந்தவர். "சார், எங்கூட்டுக்காரருக்கு என்ன போத்திக் குடுத்தாங்கன்னு தெரியுங்களா? ஆஸ்பத்திரி வெள்ளத்துணிங்க" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பஸ் வரும்வரை தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படித்ததில் உங்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, நான் செய்தது சட்டப்படியே தவறு. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும், 2002ஆம் ஆண்டின் கொடி விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன. அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு, முப்படையினர் மற்றும் துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்கு ஆகியவற்றைத் தவிர வேறெதற்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. அந்தச் சடங்குகளிலும் கொடி குழிக்குள் போகக்கூடாது, சிதையில் எரியக்கூடாது. ஆகவே வங்கிக் குமாஸ்தாவுக்கும் கொடி போர்த்த அதிகாரம் இல்லை, அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கும் இல்லை. டிசம்பர் யோசனையில் அந்தப் பகுதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் சட்டத்தோடு விஷயம் முடியவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது சட்டக் கேள்வி அல்லவே. கொடி போர்த்தும்போது நாம் ஒரு செய்தி சொல்கிறோம். "இவர் நமக்கு வேண்டியவர், இவர் வாழ்க்கை நமக்குப் பெருமை" என்பது அந்தச் செய்தி. 2020 ஜூன் மாதம் காஷ்மீர் எல்லையில் இறந்த நம் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரின் உடல் எடப்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து, ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தபோது, அந்தச் செய்தி உண்மையாக இருந்தது. என் கொடி சொன்ன செய்தி தெருவின் ஒரு கோடியில் உண்மை, மறு கோடியில் பொய்.

வேண்டுமென்றே அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி அருகே பிசாடா கிராமத்தில் 2015ல் ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான இளைஞர் ஒருவர், தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2016 அக்டோபரில் மருத்துவமனையில் இறந்தார். ஊரில் அவர் உடல் இருந்த பெட்டியின் மேல் மூவர்ணக் கொடியைப் போர்த்தினார்கள். அவர் படைவீரரும் அல்ல. அந்தக் கொடி, செத்தவருக்கு மரியாதை செய்ததைவிடக் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஏதோ சொல்லத்தான் போர்த்தப்பட்டது. என் கொடிக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

இதே கேள்வி அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 1995ல் ஒக்லஹோமா நகரத்தில் அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து 168 பேரைக் கொன்ற டிமோதி மெக்வெய், வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கிய ராணுவ வீரர். அன்றைய விதிப்படி அவரைப் படைவீரர்களுக்கான தேசியக் கல்லறையில் மரியாதையோடு புதைத்திருக்கலாம். 1997ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள். மரண தண்டனையோ, பரோல் இல்லாத ஆயுள் தண்டனையோ பெற்றவருக்குத் தேசியக் கல்லறையில் இடமில்லை என்றது புதிய சட்டம்.

கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் அந்த வாசகத்தைக் கவனியுங்கள். "பரோல் இல்லாத" என்று இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு முதிய தம்பதியை அவர்கள் வீட்டிலேயே குத்திக் கொன்ற முன்னாள் படைவீரர் ஒருவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் பரோல் கேட்கலாம் என்ற வகையில் கிடைத்தது. 2005ல் அவர் சிறையில் இறந்தார். அந்த ஒரு சொல் விட்ட இடைவெளியில் அவர் அஸ்தி புகழ்பெற்ற ஆர்லிங்டன் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது. கொல்லப்பட்டவர்களின் மகன் போராடினார். 2006ல் சட்டத்தைத் திருத்தி, அந்த அஸ்தியை அங்கிருந்து எடுக்கவே உத்தரவிட வேண்டியதாயிற்று. 2013ல் இன்னொரு திருத்தம் வந்தது. கொலை செய்துவிட்டு, வழக்கு நடக்கும் முன்பே இறந்துபோனவர்களின் விஷயத்தில், தெளிவான ஆதாரம் இருக்கிறதா என்று விசாரித்து முடிவெடுக்கலாம் என்றது அது.

புதைத்ததைத் தோண்டி எடுப்பது யாருக்கும் நிம்மதி தராது. செத்தவரின் குடும்பத்துக்கு இரண்டாவது சாவு, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இரண்டாவது வழக்கு. விதியை முன்கூட்டியே ஒழுங்காக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். சாவு வீட்டில் உட்கார்ந்து விதி எழுத முடியாது. மகன் அழுதுகொண்டு போன் செய்யும்போது, "இருப்பா, உங்கப்பா மேல கேஸ் இருந்துச்சே" என்று யாரால் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது. விதி முன்பே எழுதியிருந்தால்தான் யாரும் யாரையும் புண்படுத்தாமல் தப்பிக்க முடியும்.

இனி எதிர்த்தரப்பு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தை, பிற்காலத்தில் குற்றம் செய்தார்கள் என்று எட்டுப் பேரிடமிருந்து பறித்தார்கள். 1908க்குப் பிறகு யாரிடமும் பறிக்கவில்லை. 1920ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதில் ஒரு கருத்துச் சொன்னார். அந்தப் பதக்கம் பெற்றவர் கொலைக் குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும், அதை அணிந்துகொண்டே ஏற அனுமதிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஏனென்றால் அந்த வீரச்செயல் நடந்தது நடந்ததுதான். பின்னால் செய்த குற்றம் அதை நடக்காததாக ஆக்கிவிடாது.

நம் மண்ணிலும் இந்த எண்ணம் பழையது. தர்மபுரி 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் நடுகற்கள் கிடக்கின்றன. ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள், ஆநிரையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் நட்டிருக்கிறார்கள். ஓர் ஊருக்கு வீரன், அடுத்த ஊருக்கு மாடு திருடன். கல் அவனுடைய முழு வாழ்க்கைக்கும் சான்றிதழ் அல்ல, அன்று அவன் நின்று செத்ததற்கு அடையாளம்.

இந்த வாதத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பேரேட்டில் ஒரு பதிவு விழுந்தால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது என்பது நான் பி.காம். முதல் வருடத்தில் படித்தது. பின்னால் வரும் பற்று, முன்னால் விழுந்த வரவை அழிக்காது. இரண்டும் ஏட்டில் இருக்க வேண்டும். எங்கள் காவலர் 1971ல் எல்லையில் நின்றது உண்மை. அதை யாரும் அழிக்க வேண்டாம். நானும் அவர் முடிச்சை அழிக்கவில்லை, இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

ஆனால் ஒரு செயலுக்குத் தரும் பதக்கம் வேறு, ஒரு மனிதருக்குச் செய்யும் கடைசி மரியாதை வேறு. துப்பாக்கி வேட்டும், போர்த்திய கொடியும் ஏட்டின் ஒரு வரிக்கு அல்ல, கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகைக்குத்தான் செய்யப்படுகின்றன. பதக்கங்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. ஹரியானாவின் முன்னாள் டிஜிபி ராத்தோர், ஒரு சிறுமியிடம் தவறாக நடந்துகொண்ட வழக்கில் 2009 டிசம்பரில் தண்டிக்கப்பட்டார். அவருக்கு முன்பு தரப்பட்ட காவல் பதக்கம் 2010ல் திரும்பப் பெறப்பட்டது. அது ஒரு நாள் வீரத்துக்குத் தந்த பதக்கம் அல்ல, நல்ல பணிக்குத் தந்த பதக்கம். நல்ல பணி என்ற சான்றே பொய்யான பிறகு பதக்கம் எதற்கு?

"தண்டனையைத்தான் அனுபவித்துவிட்டாரே, செத்த பிறகும் தண்டிக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தண்டனை முடித்து வந்தவர் ஊரில் வாழலாம், ஓட்டுப் போடலாம், நம் குடியிருப்பிலேயே ஃபிளாட் வாங்கலாம், லிஃப்ட்டில் நம்மோடு வரலாம். அதெல்லாம் அவர் உரிமை. மரியாதை உரிமை அல்ல, நாம் மனம் உவந்து தருவது. கடனை அடைத்தவருக்கு நாங்கள் "நோ டியூ" சான்றிதழ் கொடுப்போம். அதற்காக ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த மாட்டோம். பொன்னாடை போர்த்தாதது தண்டனையும் ஆகாது.

இன்னொன்றையும் பாருங்கள். நாம் உழைத்துச் சம்பாதித்த ஓய்வூதியத்துக்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் குடியிருப்பில் வங்கி ஓய்வூதியர்கள் பலர் இருக்கிறோம். 1995ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 43ஐப் படித்துப் பாருங்கள். ஓய்வூதியர் கடுமையான குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால் ஓய்வூதியத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தலாம் என்று இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளும், ராணுவ ஓய்வூதிய விதிகளும் இதையேதான் சொல்கின்றன. நல்லொழுக்கம் எந்நாளும் தொடரும் நிபந்தனை. மாதச் சோற்றுக்கான பணத்துக்கே இந்த நிபந்தனை இருக்கும்போது, மலர்வளையத்துக்கு இருக்கக் கூடாதா?

பணியில் இருக்கும்போது குற்றம் செய்தால் ராணுவத்தில் கணக்கு உடனே தீர்ந்துவிடும். ராணுவ நீதிமன்றம் பதவிநீக்கம் செய்யும். தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவர் மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டு விதிகளில் "முன்னாள் படைவீரர்" என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். வங்கியில் ஆள் எடுக்கும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டி, எந்தக் காரணத்துக்காக வெளியே வந்தார் என்று பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து பத்து வருடம் கழித்துக் குற்றம் செய்தால், "மிலிட்டரிக்காரர்" என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் காவலர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

மறுக்கலாம் என்று சொன்னேன். அதற்கு எல்லை வேண்டாமா? வேண்டும். மூன்று எல்லைகள் சொல்கிறேன்.

முதல் எல்லை, உடலைத் தண்டிக்கக் கூடாது. பாகிஸ்தானில் 2019 டிசம்பர் 17 அன்று, முன்னாள் ராணுவத் தளபதியும் அதிபருமான முஷாரஃபுக்குத் தேசத்துரோக வழக்கில் மரண தண்டனை விதித்தார்கள். அதில் ஒரு நீதிபதி, முஷாரஃப் பிடிபடும் முன் இறந்தால் உடலை இஸ்லாமாபாத்தின் டி-சவுக்குக்கு இழுத்து வந்து மூன்று நாள் தொங்கவிட வேண்டும் என்று எழுதினார். உலகமே முகம் சுளித்தது. மரியாதையைத் தராமல் இருப்பது வேறு, அவமரியாதை செய்வது வேறு. குழி, குளிப்பாட்டும் தண்ணீர், தூக்க நாலு தோள், இவை எந்த மனிதருக்கும் உண்டு.

இரண்டாவது எல்லை, இறந்த நாளில் நிலைத்து நிற்கும் தீர்ப்பு மட்டுமே கணக்கு. முஷாரஃபின் தண்டனையை அளித்த தனி நீதிமன்றமே செல்லாது என்று லாகூர் உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் அவர் துபாயில் இறந்து, கராச்சியில் ராணுவக் கல்லறையில் அடக்கமானார். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மரண தண்டனையை மீண்டும் உறுதி செய்தது.

நம் தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு வரிசை உண்டு. கட்சியை மறந்துவிட்டுத் தேதிகளை மட்டும் பாருங்கள். சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27ல் பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2015 மே 11ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 டிசம்பர் 5ல் முதலமைச்சராக இருக்கும்போதே இறந்தார். மறுநாள் முப்படை வீரர்கள் சூழ, அரசு மரியாதையோடு மெரினாவில் அடக்கம் நடந்தது. 2017 பிப்ரவரி 14ல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. பின்னர் நினைவிடம் கட்டக் கூடாது என்று ஒரு வழக்கு வந்தபோது, இறந்த நாளில் அவர் தண்டனை பெற்றவர் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. உங்களில் சிலருக்கு இது இனிக்கும், சிலருக்குக் கசக்கும். ஆனால் விதி என்றால் இப்படித்தான் இருக்க முடியும். அன்றைய தேதிக்கு இருப்பு என்ன என்றுதான் பாஸ்புக்கில் எழுத முடியும், நாளை வரப்போவதை எழுத முடியாது. இல்லாவிட்டால் வதந்தியும், கைதும், பக்கத்து வீட்டுப் பகையும் தீர்ப்பாகிவிடும்.

மூன்றாவது எல்லைதான் எனக்கு மிக முக்கியம். எப்படிச் செத்தார் என்பதை வைத்து மரியாதையை மறுக்கக் கூடாது. 2023 அக்டோபரில் பஞ்சாபின் மான்சா மாவட்டத்தைச் சேர்ந்த 19 வயது அக்னிவீர் ஒருவர் காஷ்மீரில் காவல் பணியில் இருந்தபோது தன் துப்பாக்கிக் குண்டு பட்டே இறந்தார். ராணுவ மரியாதை தரப்படவில்லை. பெரிய விவாதம் எழுந்தது. தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்தால் இறந்தால், எந்த வழியில் பணிக்கு வந்தவராக இருந்தாலும், 1967ஆம் ஆண்டு ராணுவ ஆணைப்படி ராணுவ இறுதி மரியாதை கிடையாது என்று ராணுவம் விளக்கியது. 2001 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 100 முதல் 140 வீரர்கள் இப்படி இறக்கிறார்கள் என்றும், அவர்கள் யாருக்கும் அந்த மரியாதை தரப்படவில்லை என்றும் அந்த விளக்கத்தில் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களுக்கு உரிய பண உதவி கிடைக்கிறது. ஆனால் வேட்டுச் சத்தம் கேட்காத வீட்டில் அந்தத் தாய் ஊருக்கு என்ன பதில் சொல்வாள்?

ராணுவத்துக்குக் கட்டுப்பாடு பற்றிய கவலை இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவர் யாருக்கும் கேடு செய்யவில்லை. அவருக்காகத் தெருக்கோடித் திண்ணையில் யாரும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. நோயால் விழுந்தவருக்கு மறுக்கும் விதியை 1967லேயே தெளிவாக எழுத முடிந்திருக்கிறது. அடுத்தவர் உயிரை எடுத்தவர் விஷயத்தில் நாம் இன்னும் ஊர்ப் பேச்சுக்கு விட்டுவைத்திருக்கிறோம்.

நேற்று ஏ பிளாக் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். 2023 செப்டம்பரிலிருந்து, உடல் உறுப்புகளைத் தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்குத் தமிழக அரசு அரசு மரியாதை தருகிறது. நம் பக்கத்துக் கிராமங்களுக்கும் அதிகாரிகள் மாலையோடு வருகிறார்கள். "அப்படித் தானம் செய்தவர் பழைய குற்றவாளியாக இருந்தால்?" என்று கேட்டார். இரவெல்லாம் யோசித்தேன். தரலாம் என்றே நினைக்கிறேன். அந்த மாலை அவர் வாழ்க்கைக்குப் போடுவதில்லை. யாருக்கோ போய்ச் சேர்ந்த கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போடுவது, நடுகல் மாதிரி. நீங்கள் வேறு விதமாக நினைத்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இனி நம் அசோசியேஷன் விஷயம். பின்வரும் ஐந்து வரிகளை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க விரும்புகிறேன்.

1. தேசியக் கொடியை நாம் யாருக்கும் போர்த்துவதில்லை. அரசோ படையோ வந்து செய்தால் அவர்களுக்கு வழிவிட்டு நிற்போம்.

2. நாட்டுப் பணியில் இருந்தவர் காலமானால் அசோசியேஷன் சார்பில் மலர்வளையமும் இரண்டு நிமிட மௌனமும் உண்டு.

3. கொலை, பாலியல் வன்கொடுமை, குழந்தைகளுக்கு எதிரான குற்றம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு நீதிமன்றம் தண்டித்து, இறந்த நாளில் அந்தத் தீர்ப்பு நிலுவையில் நின்றால், அசோசியேஷன் பெயரில் மலர்வளையம் இல்லை. அதை மைக்கில் அறிவிக்கவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். தனிப்பட்ட முறையில் மாலை போட விரும்புகிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது.

4. புகார், கைது, நிலுவை வழக்கு, வதந்தி எதுவும் கணக்கில்லை. எப்படி இறந்தார் என்பதும் கணக்கில்லை.

5. யாராக இருந்தாலும் சமுதாயக் கூடம், நாற்காலி, தண்ணீர், ஃப்ரீசர் பெட்டி வைக்க இடம், வந்தவர்களுக்குக் காபி, தூக்க ஆள், எல்லாம் உண்டு. அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, "இப்படி ஒருவர் நம் குடியிருப்பில் இருக்கிறாரா?" என்று என்னைத் தனியாகக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. இல்லாதபோதுதான் எழுத வேண்டும். ஒருவர் வந்துவிட்டால் அது விதியாக இருக்காது, அவருக்கு எதிரான தீர்மானமாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை என்றேன். இரண்டு வருடம் கழித்து ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேரனோடு வந்திருந்தார். "அன்னைக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "உடுங்க சார், நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்று சொல்லிவிட்டு, என் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அவருடைய பெருந்தன்மையில் நான் தப்பித்தேன். அடுத்தவர் பெருந்தன்மையை நம்பி ஓர் அசோசியேஷன் நடக்கக் கூடாது.

டிபன் ஆறிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் உங்கள் கருத்தை எழுதி, செயலாளரின் பெட்டியில் போடுங்கள். எதிர்த்து எழுதினாலும் பெயர் போட்டு எழுதுங்கள்.